பழைய ஜுவாக் கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாய் நிறுவனத்தின் பழைய 1/144 ஜுவாக், விலை குறைந்த, அதிகம் பேர் அறியாத ஒரு ரோபோ கிட், அதாவது பாகங்களை நாமே சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் மாடல். என் அலமாரியில் அதைப் பார்த்தவர்களும், ஆசைப்பட்டு வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் மலைத்துப்போனவர்களும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ அனிமேஷன் தொடரை வைத்து அதே காலத்தில் வந்த மற்ற கிட்டுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். முதல் முறை செய்பவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஜுவாக்கா? கன்டம் முழுசா பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணு வரவே இல்லையே?

சரிதான், வரவில்லை. 1979 ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கிய முதல் கன்டம் தொடர் 52 பகுதிகளுக்குத் திட்டமிடப்பட்டு, 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிந்துவிட்டது. அந்தத் தொடருக்காக யோசிக்கப்பட்டு, திரைக்கு வராமலே தங்கிப்போன இயந்திரங்களில் ஜுவாக், அகுகாய், ஸோகாக், ஆக் என்ற நான்கும் அடக்கம். அமேசான் காட்டுக்கு அடியில் இருக்கும் பூமிப் படையின் ஜாபுரோ தலைமையகத்தைத் தாக்குவதற்காக எதிரியான ஸியோன் படை உருவாக்கியவை என்பது இவற்றின் கதை. ஆக்குக்குக் கைகளில் துளைபோடும் திருகு, அகுகாய்க்குக் கைக்குப் பதில் சாட்டை. ஜுவாக்குக்கு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு, கை ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று ராக்கெட் குழாய்.

தொடரில் வந்த ரோபோக்களை எல்லாம் கிட்டாகப் போட்டு முடித்த பிறகும் வாங்குபவர்கள் கூட்டம் குறையவில்லை. அதனால் 1980களின் தொடக்கத்தில் இந்த மிச்ச வடிவங்களும் கிட்டாக வந்தன. 2011-ல் வெளியான கன்டம் யூனிகார்ன் தொடரின் நான்காம் பகுதியில் ஜுவாக் திரையிலும் வந்து சண்டை போட்டது. அதன் பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது.

இவ்வளவு மலிவா எப்படி விக்கிறாங்க? டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. 1980 ஜூலையில் வந்த முதல் 1/144 கன்டம் கிட்டின் விலை 300 யென். பள்ளிப் பிள்ளைகள் கைக்காசில் வாங்க வேண்டும் என்று வைத்த விலை அது. அந்த வரிசையில் வந்த கிட்டுகள் எல்லாமே சில நூறு யென் கணக்கில்தான் விற்றன. பழைய அச்சுகள் பத்திரமாக இருப்பதால் பண்டாய் அவ்வப்போது மறுபடியும் வார்த்து வெளியிடுகிறது. பாகங்கள் குறைவு, பிளாஸ்டிக் ஒன்றிரண்டு நிறம்தான், மூட்டுகளுக்குள் ரப்பர் போன்ற போலிகேப் கிடையாது. செலவு குறைய இவ்வளவு போதும்.

வாங்கும்போது மறுவெளியீடாகப் பார்த்து வாங்குங்கள். 'அரிய பழைய பெட்டி' என்று சொல்லிப் பத்து மடங்கு விலை வைப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது அதே அச்சில் வார்த்த அதே பிளாஸ்டிக்தான். செய்து பார்க்க வாங்குபவருக்கு அந்த விலை வீண்.

செஞ்சு முடிச்சா எவ்வளவு உயரம் இருக்கும்?

உள்ளங்கையில் நிற்கிற அளவு. 1/144 என்றால் கதையில் சொல்லப்படும் உயரத்தில் 144-ல் ஒரு பங்கு. 18 மீட்டர் உயரமுள்ள கன்டம் இந்த அளவில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். ஜுவாக்கை அதன் பக்கத்தில் நிறுத்தினால் உடம்பு பருமனாக, அடக்கமாகத் தெரியும்.

புது கன்பிளா பசையே இல்லாம மாட்டுதே, இதுக்கு மட்டும் ஏன் பசை?

பசை இல்லாமல் அழுத்தி மாட்டும் முறையும், பாகங்கள் கோத்து வரும் ஒரே சட்டத்தில் பல நிறம் வார்க்கும் முறையும் கன்பிளாவில் (கன்டம் பிளாஸ்டிக் கிட்டுகளில்) பின்னால் வந்தவை. 1990-ல் 'எச்.ஜி.' (ஹை கிரேடு) என்ற வரிசையில் வந்த முதல் கன்டம் கிட் இந்த இரண்டையும் சேர்த்துத் தந்தது. மூட்டுக்குள் போலிகேப் வைப்பது 1985 வாக்கில், ஸீட்டா கன்டம் என்ற அடுத்த தொடரின் காலத்தில்தான் பரவியது. ஜுவாக் அதற்கெல்லாம் முன்னால் பிறந்தது. இதில் இருக்கும் ஊசியும் துளையும் பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான் உதவும், பிடித்து வைக்காது. பசை போட்டே ஆக வேண்டும்.

இதைக் குறையாக நினைக்காதீர்கள். இரண்டு துண்டு பிளாஸ்டிக் உருகி ஒன்றாவதைக் கண்ணால் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.

வீட்ல ஃபெவிக்விக் இருக்கு, ஃபெவிகால் இருக்கு, பைப் ஒட்டுற பசை இருக்கு. இதுல எது?

மூன்றுமே முதல் தேர்வு இல்லை. ஃபெவிகால் மரத்துக்கும் காகிதத்துக்கும் ஆனது. இந்த பிளாஸ்டிக்கில் காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். பைப் பசை பி.வி.சி.க்காகச் செய்தது. அதிலிருக்கும் கரைப்பான்கள் இந்தக் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கூழாக்கிவிடும், மெல்லிய பாகம் வளைந்தே போய்விடும். ஃபெவிக்விக் ஒட்டும். ஆனால் அது நடுவில் கண்ணாடிபோல் இறுகுமே தவிர பிளாஸ்டிக்கை இணைக்காது. கீழே விழுந்தால் அந்த இடத்திலேயே பிளக்கும். சுற்றிலும் வெள்ளைப் பூச்சும் படியும்.

வேண்டியது பாலிஸ்டைரீனுக்கான மாடல் சிமென்ட். டாமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் வெள்ளை மூடி போட்ட சாதாரண சிமென்ட் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், பச்சை மூடி போட்ட மெல்லிய சிமென்ட் தண்ணீர் மாதிரி ஓடும். கெட்டியானதை இரு பக்கமும் தடவிவிட்டுச் சேர்க்க வேண்டும். மெல்லியதை, பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இடுக்கில் தொட்டால் போதும், அதுவாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இந்தக் கிட்டுக்கு வெள்ளை மூடி. காரணத்தை, பாகங்கள் சேரும் இடத்தில் தெரியும் ஒட்டுக்கோடு பற்றிய கேள்வியில் சொல்கிறேன். எதை வாங்கினாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், மூடியை உடனுக்குடன் மூடுங்கள்.

வேற என்னென்ன கருவி வாங்கணும்? ஆரம்பத்துலயே நிறைய செலவு ஆகுமா?

ஆகாது. மாடல் வேலைக்கான நிப்பர் (சின்ன வெட்டுக்குறடு), ஸ்னாப்-ஆஃப் கட்டர் கத்தி, 400, 600, 1000 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், இரண்டு நல்ல பிரஷ். உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர் பேப்பரே போதும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ஒயர் கட்டர் மட்டும் வேண்டாம். அதன் வாய் தடிமன், பாகத்தை நசுக்கித்தான் வெட்டும்.

கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. படிக்கத் தெரியாம எப்படிச் செய்றது?

படத்தைப் பார்த்தே செய்யலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் சட்டத்தில் ஓர் எண் இருக்கும், அதே எண் கையேட்டுப் படத்திலும் இருக்கும். படிக்கத் தெரியவேண்டிய அவசியம் நிறப் பட்டியலில் மட்டும்தான் வரும். அதற்கும் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டினால் எந்த நிறத்தில் எதைக் கலக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். பெட்டி மேல் உள்ள படத்தைப் பார்த்து நீங்களே நிறம் முடிவு செய்தாலும் தவறில்லை.

ஒரே ஒரு விஷயம். கையேடு சொல்லும் வரிசையில் அப்படியே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பசை இல்லாமல் டேப் போட்டுச் சேர்த்துப் பாருங்கள். எது எதற்குள் அடைபடும், எந்த ஒட்டுக்கோடு வெளியே தெரியும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

சட்டத்துலேர்ந்து வெட்டுனா அந்த இடம் வெள்ளையா ஆயிடுது, என்ன பண்றது?

பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டுவதால் வருவது. பிளாஸ்டிக் வளைந்து அழுத்தம் தாங்காத இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. முதலில் பாகத்திலிருந்து தள்ளி, சட்டத்துப் பக்கமாக வெட்டுங்கள். பிறகு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் குச்சியில் மயிரிழை அளவு விட்டு இன்னொரு வெட்டு. அந்த மயிரிழையைக் கத்தியால் சீவி, 600 எண் தாளில் இரண்டு தேய். பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் லேசான வெள்ளை இருந்தாலும் கவலை இல்லை, மூடிவிடும்.

வெட்டுவதற்கு முன்னால் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒருமுறை கழுவிக் காயவைத்துவிடுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப்பசை ஒட்டியிருக்கும். பெயிண்ட் பிடிக்காமல் உரிவதற்கு அது ஒரு காரணம்.

ரெண்டு பாதியும் சரியா உட்கார மாட்டேங்குது. பிசிறு வேற இருக்கு. கிட் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, வயசு. அச்சு பல வருடம் ஓடித் தேயும்போது அதன் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய பிசிறாக நிற்கும். கத்தி முதுகால் சுரண்டினால் போய்விடும். உள்பக்கம் வட்ட வட்டமாக மேடு தெரிந்தால் அது பாகத்தை அச்சிலிருந்து தள்ளிய ஊசியின் தடம். அதுவும் சேர்க்கையைத் தடுக்கும், மட்டமாகச் சீவிவிடுங்கள்.

அப்படியும் உட்காரவில்லை என்றால் தடுப்பது பெரும்பாலும் ஊசிகள்தான். ஒவ்வொரு ஊசியின் நீளத்தையும் பாதியாகக் குறைத்து நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். பசைதான் பிடிக்கப்போகிறது என்பதால் ஊசி குறைந்தால் பாதகம் இல்லை.

நடுவுல ஒரு கோடு ஓடுதே, அது போகவே போகாதா?

போகும். இந்தக் கிட்டில் ஆளின் கைத்திறன் தெரிவதே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய கிட்டுகளில் கை, கால், உடம்பு எல்லாம் முன்பாதி பின்பாதியாக அல்லது இடப்பாதி வலப்பாதியாக வரும். சேர்த்த இடத்தில் கோடு தெரியும். நிஜ ரோபோவின் காலில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு ஓடாது. அது போனால்தான் அந்தக் கால் ஒரே துண்டு இரும்பாகத் தெரியும்.

வெள்ளை மூடிச் சிமென்டை இரண்டு விளிம்பிலும் தாராளமாகத் தடவுங்கள். ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு முறை தடவுங்கள். இப்போது விளிம்பு மெழுகு மாதிரி பளபளப்பாக, இளகி இருக்கும். இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்தினால் கோட்டின் நீளம் முழுக்க உருகிய பிளாஸ்டிக் சின்ன வரப்பாகப் பிதுங்கி எழும். அந்த வரப்பு ஓர் இடத்தில்கூட அறுபடாமல் எழ வேண்டும். மெல்லிய சிமென்டில் இவ்வளவு பிதுங்காது, அதனால்தான் வெள்ளை மூடி என்றேன். பிதுங்கியதைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். விரல்ரேகை அப்படியே பதிந்துவிடும். டேப் போட்டுக் கட்டி ஒதுக்கி வையுங்கள்.

குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். நகத்தால் அழுத்திப் பார்த்து வரப்பு கல்லாக இருந்தால் கத்தியால் மேலாகச் சீவி, 400, பிறகு 600, பிறகு 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஜுவாக்கின் உடம்பு முழுக்க வளைவு என்பதால் தாளை ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கட்டை விரலால் நேராகத் தேய்த்தால் வளைவில் தட்டையான பட்டை விழுந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கோடு மின்னினால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது.

கோடு போச்சு, ஆனா சின்னச் சின்ன பள்ளம் தெரியுது. அது எதனால?

பாகத்தின் பின்பக்கம் ஊசியோ தடித்த விலாவோ இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மெதுவாக ஆறும். ஆறும்போது மேல்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் தாள் படாமல் பளபளப்பாக நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆழம் குறைவாக இருந்தால் சுற்றித் தேய்த்தே சமமாக்கிவிடலாம். ஆழமாக இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். மாடல் வேலைக்கான சாம்பல் நிறப் பட்டி சின்ன ட்யூபில் வரும். மெல்லிசாக ஒரு கோட்டிங், ஒரு நாள் காயவிட்டு இன்னொன்று. ஒரேயடியாக அப்பினால் காயும்போது சுருங்கி மறுபடியும் பள்ளம் விழும். மயிர்க்கோடுகளுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான பிரைமரை பிரஷ்ஷால் தொட்டு வைத்துத் தேய்த்தால் போதும்.

கால் மூட்டை உள்ள வெச்சு ஒட்டிட்டா அப்புறம் எப்படி பெயிண்ட் அடிக்கிறது?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர் டேப் போட்டுப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். மூட்டுக்கட்டையை இரண்டு பாதிகளுக்கு நடுவில் வைத்து ஒட்டச் சொல்கிறது கையேடு. அப்படிச் செய்தால் கோட்டைத் தேய்க்கும்போது மூட்டும் கீறும், பெயிண்ட் அடிக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானில் இதற்குக் கண்டுபிடித்த வழிக்கு 'அதோஹமே' என்று பெயர். வெளிப்பாகத்தை முழுதாக முடித்த பிறகு உள்பாகத்தைச் செருகுவது.

மூட்டுக்கட்டையின் இருபுறமும் உள்ள அச்சு (சுழலும் முளை), வெளிப்பாகத்தின் வட்டத் துளையில் உட்காரும். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, ஆங்கில 'சி' எழுத்துப் போல ஆக்கிவிடுங்கள். திறப்பு, அச்சின் தடிமனைவிடச் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தினால் டக்கென்று உள்ளே போகும், தானாகக் கழலாது. திறக்கும் பக்கத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பாரம் இழுக்கும் திசையில் திறந்தால் நிற்க வைத்ததும் கால் கழன்று வரும். முழங்காலில் பெரும்பாலும் பின்பக்கமாகத் திறப்பது பாதுகாப்பு.

சில இடத்தில் 'சி' வெட்ட இடமே இருக்காது. அங்கே அச்சை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, பின் வைஸ் என்ற கைத்துளைப்பானால் துளை போட்டு இரண்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை அச்சாகச் செருகலாம்.

கை நிக்கவே மாட்டேங்குது, தொங்குது. இதுக்கு என்ன?

போலிகேப் இல்லாத மூட்டு பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித்தான் நிற்கிறது. தேய்ந்தால் தளரும். அச்சின் மேல் ஃபெவிக்விக்கை ஒரு மெல்லிய படலமாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அச்சு கொஞ்சம் தடித்து இறுக்கம் வந்துவிடும். ஈரமாக இருக்கும்போது மாட்டினால் ஆயுளுக்கும் அசையாது.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கிட்டில் மூட்டு ஆடுவதற்காக மெனக்கெட வேண்டாம். எப்படி நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த நிலையிலேயே ஒட்டிவிடுங்கள். அசைகிற கையைவிடச் சரியான கோணத்தில் நிற்கிற கை அழகு.

அப்போ பெட்டியில் இருக்கிற மாதிரி ஆக்ஷன் போஸ்ல நிக்க வைக்க முடியாதா?

முடியும், வெட்டத் துணிந்தால். பழைய கிட்டுகளின் காலும் பாதமும் நேராக நிற்கத்தான் வார்க்கப்பட்டவை. ஒரு காலை முன்னால் வைத்தால் பாதம் தரையில் படியாது. கணுக்காலை ரம்பத்தால் அறுத்து, நடுவில் கம்பி செருகி, வேண்டிய கோணத்தில் வளைத்து, இடைவெளியை எபாக்ஸி பட்டியால் நிரப்பினால் சரியாகிவிடும். வெளியே தெரியாத உள்ளிடத்தை நிரப்ப ஹார்டுவேர் கடை எம்-சீல்கூடப் போதும். வெளிப்பரப்புக்கு அது கரடு, மாடல் பட்டியே நல்லது.

இடுப்பை லேசாகத் திருப்புவது, தலையைப் பார்வை போகும் பக்கம் சாய்ப்பது, இந்த இரண்டும் செய்தாலே ரோபோவுக்கு உயிர் வந்துவிடும். ஜுவாக்கில் மூக்கு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அது பார்ப்பதாகத் தோன்றும். எனவே மூக்கின் கோணத்தை முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வையுங்கள்.

பெயிண்ட் அடிக்காம அப்படியே விட்டா நல்லாயிருக்காதா?

புதிய கிட்டில் விடலாம், இதில் விட முடியாது. பிளாஸ்டிக் ஒன்றிரண்டு நிறம்தான் என்று முன்பே சொன்னேன். அதோடு ஒட்டுக்கோட்டைத் தேய்த்த இடம், பட்டி வைத்த இடம் எல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். நிறம் பிடிக்க அடியில் ஒரு பிரைமர், இரண்டு மூன்று நிறம், மேலே மங்கலான கிளியர் (நிறமில்லாத காப்புப் பூச்சு). இவ்வளவுதான் தேவை.

பிரஷ்ஷால அடிச்சா கோடு கோடா விழுது. ஏர்பிரஷ் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். கோடு விழக் காரணம் இரண்டு: பெயிண்ட் கெட்டி, அல்லது பாதி காய்ந்த இடத்தில் மறுபடியும் பிரஷ் போனது. டாமியா அக்ரிலிக்கில் இரண்டாவது கோட்டிங்கின் ஈரம் முதல் கோட்டிங்கை இளக்கிக் கிளறிவிடும். பிரஷ் வேலைக்கு வயஹோ மாதிரி நீர் அக்ரிலிக் எளிது. பிரைமர் மேல் அடித்தால் அது நன்றாகப் பிடிக்கும்.

ஒரு சின்னத் தட்டில் பெயிண்டை எடுத்து, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முதல் கோட்டிங் திட்டுத் திட்டாக, அடியில் பிரைமர் தெரியும்படிதான் இருக்கும். பயப்படாமல் விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு முதலில் அடித்ததற்குக் குறுக்குத் திசையில் இரண்டாவது. நான்கு மெல்லிய கோட்டிங்கில் மூடிவிடும், கோடும் தெரியாது. தட்டையான அகல பிரஷ் பெரிய பரப்புக்கு நல்லது.

ஸ்பிரே அடிச்சேன், காய்ஞ்சதும் வெள்ளையா பனி மூடின மாதிரி ஆயிடுச்சு. கேன் கெட்டுப்போச்சா?

கேன் மேல் தப்பில்லை, காற்றில் ஈரம் அதிகம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டில் படிந்து மாட்டிக்கொள்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மழை நாட்களில் இது சாதாரணம். வெயில் காய்கிற நாளில், தூரத்தில் பிடித்து, மெல்லிசாக மறுபடி ஓர் அடி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேனைக் கொதிக்கிற தண்ணீரில் வைக்காதீர்கள், வெடிக்கும்.

வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். டாமியாவில் டி.எஸ். வரிசைதான் இந்த பிளாஸ்டிக்குக்கு. பி.எஸ். வரிசை ரேடியோ காரின் பாலிகார்பனேட் மூடிக்கு ஆனது, இதில் அடித்தால் பரப்பைக் கெடுத்துவிடும்.

கோடுகள்ல கறுப்பு விட்டேன், மறுநாள் கை மூட்டு ரெண்டா உடைஞ்சுபோச்சு. ஏன்?

பாகத்தில் பொறித்த கோடுகளில் ஓட விடும் கறுப்பு எனாமலில் கலந்த தின்னரின் வேலை. அது மெல்லிய விரிசல்களில் ஊடுருவி, ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். ஊசி இறுக்கமாகச் செருகிய இடம், 'சி' வெட்டிய மூட்டு, வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடம், இவையெல்லாம் ஆபத்து. பாகங்களைப் பிரித்து வைத்து, கிளியர் அடித்துக் காய்ந்த பிறகு மட்டும் எனாமலை விடுங்கள். குளம்போல் தேங்க விடாமல், நுனிப் பிரஷ்ஷால் தொட்டாலே வரியில் ஓடிவிடும். அதிகமானதைக் காது குடையும் பட்ஸில் லேசாகத் தின்னர் நனைத்துத் துடையுங்கள்.

பொதுவாக நினைவில் வைக்க வேண்டிய வரிசை இது: அடியில் லாக்கர், அதன் மேல் அக்ரிலிக், கடைசியில் எனாமல். எனாமல் தின்னர் மற்ற இரண்டையும் கரைக்காது. லாக்கர் தின்னர் எல்லாவற்றையும் கரைக்கும்.

ராக்கெட் குழாய் வாய் எல்லாம் மொட்டையா இருக்கே?

உங்கள் கையில் இருக்கும் பாகத்தில் துளை ஆழமில்லாமல் இருந்தால், கைத்துளைப்பானால் நடுவில் வழிகாட்டித் துளை போட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். உள்ளே மங்கலான கறுப்பு அடியுங்கள். ஆறு குழாய்க்கும் இதைச் செய்தால் கிட்டின் விலையே மறந்துபோகும். ஒற்றைக் கண்ணுக்கும் அப்படித்தான். குழிக்குள் கறுப்பு, நடுவில் இளஞ்சிவப்புப் புள்ளி, அதன் மேல் ஒரு சொட்டு பளபளப்புக் கிளியர்.

பத்து வயசுப் பையனோட சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. நிப்பரால் வெட்டுவது, தேய்ப்பது, நீர் அக்ரிலிக் அடிப்பது மூன்றும் அவனுக்கு. சிமென்ட், லாக்கர், ஸ்பிரே, கத்தி நான்கும் உங்களுக்கு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. பிள்ளைக்குப் பொறுமை போய்விடும் கட்டம், ஒட்டுக்கோடு காயும் அந்த ஒரு வாரம்தான். அந்த நேரத்தில் பின்னணிப் பாறையோ மணல்தரையோ செய்யக் கொடுங்கள்.

எச்.ஜி.யூ.சி.ல புது ஜுவாக்கே வந்திருக்கு. அது நல்லா ஆடும், நிறமும் சரியா இருக்கும். அப்புறம் ஏன் இது?

உண்மைதான், எச்.ஜி.யூ.சி. என்ற பின்னாள் எச்.ஜி. வரிசையில் வந்த புதியது எல்லா வகையிலும் வசதி. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அலமாரியில் ஜுவாக் நிற்க வேண்டும் என்பது மட்டும் ஆசை என்றால் அதையே வாங்குங்கள்.

மாடல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பழையது. ஒட்டுவது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மூட்டை மாற்றியமைப்பது, நிறம் கொடுப்பது என்று மேலே சொன்ன ஒவ்வொன்றும் இந்தச் சின்னக் கிட்டில் கட்டாயமாக வந்துவிடுகிறது. விலை குறைவு என்பதால் வெட்டவும் கை நடுங்காது. இதைக் கற்றுக்கொண்டவர் விமானமோ கப்பலோ எந்தக் கிட்டை எடுத்தாலும் திணற மாட்டார். அதோடு, புதிய கிட்டில் ஜுவாக்கை வடிவமைத்தவர்கள் அதை மெருகேற்றியிருக்கிறார்கள். பழையதில் இருக்கும் அந்தக் குண்டான, விநோதமான உருவம் நாற்பது வருடத்துக்கு முந்தைய கையின் ரசனை. எனக்கு அதுதான் ஜுவாக்.

எல்லாம் முடிச்சு பெயிண்ட் அடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு, தேய்ச்ச கோடு மறுபடி தெரியுது! எங்கே தப்பு?

காத்திருந்தது போதவில்லை. பிதுங்கிய வரப்பு மேலே கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கும். அது மெதுவாக வெளியேறும்போது அந்த இடம் சுருங்கி, பெயிண்டுக்கு அடியில் மெல்லிய வாய்க்காலாக இறங்கிவிடும். லாக்கர் ஸ்பிரேயைத் தடியாக அடித்திருந்தால் அதன் கரைப்பானும் சேர்ந்து இன்னும் இளக்கியிருக்கும்.

முழுப் பெயிண்டையும் அழிக்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டு, இறங்குவது நின்ற பிறகு, கோட்டின் மேல் மிஸ்டர் சர்ஃபேசர் 500-ஐ நீளவாக்கில் தடவி, காய்ந்ததும் 1000 எண் தாளில் தேயுங்கள். அந்தப் பாகத்துக்கு மட்டும் பிரைமரிலிருந்து மறுபடி அடித்தால் போதும். அடுத்த முறை நேரமில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. உள்பக்கம் மெல்லிய சிமென்டால் ஒட்டிவிட்டு, வெளிக்கோட்டை ஃபெவிக்விக்கால் நிரப்புங்கள். அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் அது மட்டும் மேடாக நிற்கும்.